பழ ஈ: கரையில் எப்போது பெருகும், மலையில் எப்போது அடங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளி, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கரையோரத்தில் தென்னைக்கு ஊடே மாவும் கொய்யாவும் வைத்திருப்பவர்கள், கிணற்றுப் பாசனத்தில் பாகலும் பீர்க்கும் தர்ப்பூசணியும் போடுபவர்கள், சிறுமலை, தாண்டிக்குடி பக்கம் உறவுக்காரர் தோட்டம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. சமையக்கட்டுல வாழைப்பழத்து மேல மொய்க்குற குட்டி ஈயும் கொய்யாவுல புழு வைக்குற ஈயும் ஒண்ணுதானே?

இல்லை. சமையலறையில் மொய்ப்பது ட்ரோசோஃபிலா. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அழுகிப் புளித்த பழத்தைத்தான் அது தேடி வரும். தோட்டத்துப் பழ ஈ டெஃப்ரிடிடே என்ற வேறு குடும்பம். ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய வீட்டு ஈ அளவு. பெண் ஈயின் வால் முனையில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதை நல்ல பழத்தின் தோலில் குத்தி உள்ளே முட்டையிடும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டாவது ஈயைப் பற்றியவை.

2. எல்லா பழத்துலயும் ஒரே ஈதானா? பாத்து எப்படி கண்டுபிடிக்கிறது?

மா, கொய்யா, சப்போட்டாவில் முதலில் வருவது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். முதுகு கறுப்பு, இரு பக்கமும் மஞ்சள் கோடு, வயிற்றின் மேல் ‘T’ வடிவத்தில் கறுப்புக் குறி. அதே பழங்களில் பாக்ட்ரோசெரா கரெக்டாவும் ஸோனேட்டாவும் கலந்து வரும். ஸோனேட்டா செம்பழுப்பாக இருக்கும். இறக்கையின் விளிம்பில் தொடர்ச்சியான கோடு இல்லாமல் நுனியில் ஒரு புள்ளி மட்டும் தெரியும்.

பாகல், பீர்க்கு, வெள்ளரி, தர்ப்பூசணியில் வருவது ஸூகோடேக்கஸ் குக்கர்பிட்டே. கீழே காய் ஈ என்று சொல்வது இதைத்தான். ஆரஞ்சு கலந்த பழுப்பு உடல், முதுகில் மூன்று மஞ்சள் கோடு, இறக்கையில் அழுத்தமான கறுப்புப் பட்டையும் நுனியில் பெரிய புள்ளியும். இலந்தையில் இருப்பது கார்போமையா வெசுவியானா. அது தனி ரகம், கொய்யாவுக்கு வராது.

புழுவை வைத்தும் பழ ஈதானா என்று பார்க்கலாம். குத்துப்பட்ட பழத்தைப் பிளந்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். முற்றிய பழ ஈப் புழு தலையையும் வாலையும் சேர்த்து வில்லாக வளையும், பிறகு சட்டென்று நிமிர்ந்து ஒரு சாண் தள்ளிப் போய் விழும். காய்த்துளைப்பான் புழுவுக்குத் தலை தனியாகத் தெரியும், கால் இருக்கும், துள்ளாது.

3. முட்டை வெச்சதுல இருந்து ஈயாகிப் பறக்க எத்தன நாளு?

அது வெப்பத்தைப் பொறுத்தது. இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மலைக் கணக்கும் பருவக் கணக்கும் இதிலிருந்துதான் வருகின்றன.

டார்சாலிஸ் ஈயின் வளர்ச்சி சுமார் 11 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை டிகிரி இருக்கிறதோ அதுதான் அன்றைய வளர்ச்சிக்கான வரவு. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்று பருவமும் முடிய அந்த வரவு மொத்தம் 340 அளவுக்குச் சேர வேண்டும். கரையில் சராசரி 28 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 17 சேரும். 20 நாளில் ஈ வெளியே வந்துவிடும். அதில் முட்டைக்கு ஒன்றிரண்டு நாள், பழத்துக்குள் புழுவாக ஒரு வாரம், மீதி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக. கூட்டுப்புழு பார்க்கக் கோதுமை மணி மாதிரி பழுப்பாக இருக்கும். வெளியே வந்த பெண் ஈ தின்று தேறி முட்டையிடத் தொடங்க இன்னும் எட்டு முதல் பன்னிரண்டு நாள். ஆக, ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்.

எண்கள் தோராயம்தான், ஆனால் தோட்டத்து முடிவுக்குப் போதும். மேல் பக்கமும் ஓர் எல்லை உண்டு. 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் முட்டை பொரிப்பதும் புழு பிழைப்பதும் குறையும். 25 முதல் 30 வரைதான் அதற்குச் சுகமான வெப்பம். துரதிர்ஷ்டம், நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இருப்பதும் அதே வெப்பம்தான்.

4. கொடைக்கானல் பேரிக்காயில புழு இல்ல. நம்ம கொய்யாவுல மட்டும் ஏன்? மலைக்காரங்க நெறைய மருந்து அடிக்கிறாங்களோ?

மருந்தைவிடக் குளிருக்குத்தான் அங்கே பங்கு அதிகம். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 முதல் 6.5 டிகிரி குறையும். மூன்றாம் பதிலில் உள்ள கணக்கை மலை மேல் ஏற்றிப் பாருங்கள். கடல் மட்டத்தில் 28 டிகிரி என்று வைத்தால், 1000 மீட்டரில், அதாவது சிறுமலை உயரத்தில், சுமார் 22 டிகிரி. நாளுக்கு 11 சேரும், முட்டையிலிருந்து ஈ வர 31 நாள். தாண்டிக்குடி போல 1400 மீட்டர் சுற்றி 19 டிகிரி என்றால் நாளுக்கு 8, அதாவது 42 நாள். கொடைக்கானல் நகரம் 2100 மீட்டர்; சராசரி 14, 15 டிகிரி. அங்கே நூறு நாள் ஆகும், அதற்குள் பாதிப் புழு செத்தும் போகும்.

கரையில் ஆண்டுக்கு ஒன்பது பத்துத் தலைமுறை ஓடக்கூடிய இடத்தில், அங்கே இரண்டு ஓடினாலே பெரிது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதால், தலைமுறை எண்ணிக்கையில் உள்ள இந்த வித்தியாசம் கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளரும்.

5. அப்போ எத்தன அடிக்கு மேல ஈயே இருக்காதுன்னு ஒரு கோடு போட்டுச் சொல்லுங்க.

அப்படி ஒரு கோடு கிடையாது. உயரம் ஏற ஏற எண்ணிக்கை சரியும், ரகமும் மாறும். ஹவாய்த் தீவுகளில் நடந்தது நல்ல உதாரணம். அங்கே 1910 வாக்கில் வந்து பரவியிருந்த மத்தியதரைக் கடல் பழ ஈயை, 1940-களின் நடுவில் வந்த டார்சாலிஸ் தாழ்நிலங்களிலிருந்து தள்ளிவிட்டது. பழைய ஈ அழியவில்லை. குளிர்ந்த மேட்டு நிலங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் ஒதுங்கிக்கொண்டது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை. 2003-ல் கென்யாவில் முதன்முதலில் பிடிபட்ட டார்சாலிஸ் தாழ்வான மாந்தோப்புகளைப் பிடித்துக்கொண்டது. உயரமான சரிவுகளில் குளிர் தாங்கும் செராடிடிஸ் ஈக்களே (மத்தியதரைக் கடல் பழ ஈயின் உறவினங்கள்) நிலைத்தன. அந்தக் குளிர் தாங்கும் மலை ஈ தனி இனம் என்று 2016-ல் பிரித்து, செராடிடிஸ் குவிலிசியை என்று பெயரும் வைத்தார்கள். இந்தச் செராடிடிஸ் வகைகள் நம் மலைத் தோட்டங்களின் பிரச்சினை இல்லை. வெப்பமண்டல மலை எங்கே இருந்தாலும் ஈக்கள் இப்படி அடுக்கடுக்காகப் பிரியும் என்பதற்காகச் சொன்னது.

இன்னொன்று. குளிரில் வளர்ச்சி மெதுவாவது போலவே சாவும் மெதுவாகும். கரையில் ஒன்று முதல் மூன்று மாதம் வாழும் ஈ, குளிர்ந்த மலையில் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே மலையில் ஈ குறைவு என்பது சரி, இல்லவே இல்லை என்பது சரியல்ல.

6. நம்ம ஊருல குளிரே கிடையாதே. அப்போ வருஷம் பூரா ஈ ஒரே மாதிரிதானே இருக்கணும்? ஆனா அப்படி இல்லையே, ஏன்?

நல்ல கேள்வி. மலையில் ஈயின் பருவத்தைக் குளிர் தீர்மானிக்கிறது. கரையில் அதைத் தீர்மானிப்பவை மண்ணின் ஈரமும் மரத்தில் இருக்கும் பழமும். வெப்பம் இங்கே தடையே இல்லை. பாம்பனில் தை மாதத்து இரவுகூட ஈயின் வளர்ச்சியை நிறுத்தும் அளவுக்குக் குளிராது. கடல் அருகில் இருப்பதால் அக்னி நட்சத்திரத்திலும் உள்நாடு அளவுக்குக் கொதிக்காது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கோடை வெயிலே ஈயைக் கொஞ்சம் அடக்கிவிடும். கரைக்காரர்களுக்கு அந்த உதவியும் இல்லை.

மிச்சம் இருப்பது தண்ணீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சுற்றிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். புழு பழத்தை விட்டு இறங்கி மண்ணில் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். மண் காய்ந்து பொடியாக இருந்தால் கூட்டுப்புழு உள்ளே உலர்ந்து போகும், தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் மூச்சடைத்துச் சாகும். பிடித்தால் பிடியாக நிற்கும் ஈரம்தான் அதற்குத் தோது.

7. மாசம் வாரியாச் சொன்னா என்ன? பஞ்சாங்கம் மாதிரி பாத்துக்கலாம்ல.

ஐப்பசி, கார்த்திகை: அடைமழை நாட்களில் ஈ பறப்பது குறையும், பொறி காலியாகத் தொங்கும். அதை நம்ப வேண்டாம். பள்ளமான இடத்தில் கூட்டுப்புழு மூழ்கிச் செத்தாலும் வரப்பு மேட்டிலும் மரத்தைச் சுற்றி அணைத்த மண்ணிலும் பிழைத்துக் கிடக்கும்.

மார்கழி, தை: இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். மண்ணில் ஈரம் இருக்கிறது, வெப்பம் 24-லிருந்து 29-க்குள் நிற்கிறது, கொய்யாவும் இருக்கிறது. வாடைக் காற்றில் சொகுசாக ஈ கூடும். பழத்தில் சேதம் கண்ணை உறுத்தாததால் யாரும் பொறி கட்டுவதில்லை.

மாசி, பங்குனி: தர்ப்பூசணி, வெள்ளரி, பாகல் நேரம். காய் ஈ உச்சத்துக்கு வரும். கூடவே மார்கழியில் பெருகிய டார்சாலிஸ் மாம்பிஞ்சு முற்றும் வரை கொய்யாவில் காத்திருக்கும்.

சித்திரை முதல் ஆனி வரை: மாம்பழம். டார்சாலிஸ் உச்சம் இப்போதுதான். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் பொறியில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கலாம்.

ஆடி முதல் புரட்டாசி வரை: பழம் ஒழிந்தது, மண் காய்ந்தது, காற்று வீசுகிறது. ஆண்டிலேயே ஈ குறைவாக இருக்கும் காலம். மிஞ்சிய ஈ தண்ணீர் விடும் வீட்டுக் கொல்லையிலும், பள்ளிக்கூடத்து நாட்டு வாதுமை மரத்திலும் பிழைத்திருக்கும். பொறி கட்டி ஈயை அடக்க வேண்டிய நேரம் இது. நூறு ஈ இருக்கும்போது ஐம்பதைப் பிடிப்பதும் பத்தாயிரம் இருக்கும்போது ஐம்பதைப் பிடிப்பதும் ஒன்றா? வைகாசியில் மாம்பழம் கையில் புழுவோடு வந்த பிறகு ஓடி வருபவர்களிடம் எங்களால் சொல்ல முடிந்தது, அடுத்த ஆடியில் தொடங்குங்கள் என்பதுதான்.

8. உப்புக்காத்து அடிக்கிற எடத்துல, மணல் பூமியில ஈ தங்காதுன்னு பெரியவுக சொல்றாகளே?

உப்புக் காற்று ஈயைக் கொல்வதில்லை. பெரியவர்கள் கண்டது மணலின் வேலையாக இருக்கும். சித்திரை நண்பகலில் திறந்த வெளி மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மேலாகக் கிடக்கும் கூட்டுப்புழு வெந்துவிடும். ஆனால் மரத்து நிழலில், சொட்டுநீர் விழும் இடத்தில், ஐந்து சென்டிமீட்டர் கீழே நிலைமை வேறு. புழு பெரும்பாலும் விடியற்காலையில்தான் பழத்தை விட்டு இறங்கும். வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குள் புகுந்துவிடும்.

ஆகவே தண்ணீர் விடாத மானாவாரி மணலில் ஈ குறைவு. தண்ணீர் விடும் மணலில் குறைவு இல்லை. மணல் பொலபொலவென்று இருப்பதால் புழு ஆழமாகவும் போகும், புதைத்த பழத்திலிருந்து ஈ எளிதாக மேலேயும் வரும். இந்த இரண்டாவது விஷயம் 13-ஆம் பதிலில் முக்கியமாகும்.

9. மரத்தடியக் கொத்தி விட்டா கூட்டுப்புழு செத்துருமா?

வெயில் படும் இடத்தில், காய்ந்த நாளில், நாலு விரல் ஆழத்துக்குக் கொத்தினால் பயன் உண்டு. வெயிலும் எறும்பும் கோழியும் மீதி வேலையைப் பார்க்கும். நிழலில் கொத்தி மறுநாளே தண்ணீர் பாய்ச்சினால் புழுவுக்கு மெத்தை தட்டிப் போட்ட கதைதான். கொத்திய பிறகு நாலைந்து நாள் தண்ணீர் விடாமல் இருக்க முடிகிற நேரம் பார்த்துக் கொத்துங்கள்.

10. பொறி எப்படிச் செய்யணும்? கடையில வாங்குறது நல்லதா, வீட்டுல செய்யலாமா?

ஈயை இழுக்கும் மருந்தூறிய கட்டையைக் கடையிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ வாங்குங்கள், கூட்டை வீட்டில் செய்யுங்கள். மா, கொய்யாவுக்கு மெத்தில் யூஜினால் கட்டை. பாகல், பீர்க்கு, வெள்ளரிக்கு கியூலூர் கட்டை. இரண்டையும் ஒரே பொறியில் போடாமல் தனித்தனியாகக் கட்டுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்து, மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நான்கு பக்கமும் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். மூடியில் துளையிட்டுக் கம்பி நுழைத்து, ஓட்டைகளின் மட்டத்தில் கட்டை தொங்குமாறு கட்டுங்கள். அடியில் இரண்டு விரல் அளவு சோப்புத் தண்ணீர். அதற்குச் சற்று மேலே ஊசியால் இரண்டு துளை போட்டால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், மரத்தின் நிழற்பக்கம், இலை ஓட்டையை மூடாதபடி கட்டுங்கள். நிலவரம் பார்க்க மட்டும் என்றால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு போதும். பிடித்து ஒழிக்க ஏக்கருக்குப் பத்து வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது மூன்று இடத்தில். கட்டையைத் தொட்ட கையால் பாட்டிலைப் பிடித்தால் வாசனை வெளியே ஒட்டி, ஈ வெளிப்புறத்திலேயே உட்கார்ந்துவிட்டுப் போகும். கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு இறங்கிச் செத்த ஈயைத் தூக்கிப் போய்விடும், எண்ணிக்கை பொய்யாகும். மூன்றாவது, கட்டையை மாற்றாமல் விடுவது. நம் வெயிலிலும் காற்றிலும் ஒரு கட்டைக்கு 30 முதல் 45 நாள்தான் ஆயுள். மலையில் அதே கட்டை கூடுதலாகத் தாங்கும். ஆடிக் காற்றில் பாட்டில் ஊஞ்சலாடிச் சோப்புத் தண்ணீர் சிந்திவிடும், அடியில் ஒரு கயிறு கட்டி இழுத்து நிறுத்துங்கள்.

11. பொறியில அள்ளி அள்ளி விழுது, ஆனாலும் பழத்துல புழு குறையலையே. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றில்லை. மெத்தில் யூஜினாலுக்கும் கியூலூருக்கும் வருவது ஆண் ஈ மட்டும். குத்துவது பெண் ஈ. ஆண்களைப் பெண்கள் இணை சேர்வதற்கு முன்பே பெருமளவில் எடுத்தால்தான் அடுத்த தலைமுறை குறையும். பழம் பழுத்த பிறகு இரண்டு பொறி கட்டினால், ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈக்கள் பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டு இருக்கும். ஆடியில் தொடங்கச் சொன்னது இதற்காகவும்தான். பக்கத்துத் தோட்டத்தில் யாரும் கட்டவில்லை என்றால் அங்கிருந்தும் வரும். ஒரு தெருவே சேர்ந்து கட்டுவது தனியாகக் கட்டுவதைவிட எத்தனையோ மேல்.

எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பிடித்த மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுங்கள். நான்கு பொறியில் ஏழு நாளில் 196 ஈ என்றால், ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு 7. வாராவாரம் இந்த ஒரு எண்ணை மட்டும் எழுதினால் போதும், ஓராண்டில் உங்கள் தோட்டத்துக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

12. காக்கா (அண்ணே), நம்ம ஊருல கருவாட்டுக்கா பஞ்சம்? கருவாட்டுப் பொறி வெச்சா பொம்பளை ஈயும் விழுமாமே?

விழும். முட்டை முதிர்ச்சிக்குப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும், அதனால் கருவாட்டு நாற்றத்துக்கு வரும். பாகல், பீர்க்குப் பந்தலுக்கு இது பழைய, நல்ல முறை. சிறு துளைகள் போட்ட பாலித்தீன் பையில் ஐந்து கிராம் கருவாட்டுத் தூளை நனைத்துப் போட்டு, ஏக்கருக்கு 20 பை கட்டுவார்கள். தூளை 20 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் வெயிலில் அதற்குள் காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

பழைய குறிப்புகளில் பஞ்சில் டைக்குளோர்வாஸ் நனைத்து வைக்கச் சொல்லியிருக்கும். அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை, பழைய பாட்டில் வீட்டில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பைக்குப் பதிலாக 10-ஆம் பதிலில் உள்ள பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் கருவாடும் போட்டால் வேலை நடக்கும்.

கருவாடு காயப்போடும் களத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள். ஊரெல்லாம் அதே நாற்றம் இருக்கும்போது உங்கள் ஐந்து கிராமை எந்த ஈ தேடப் போகிறது? விழுந்தாலும் நீல ஈயும் வீட்டு ஈயும்தான் விழும்.

13. கீழ விழுந்த பழத்த என்ன செய்ய? குழி தோண்டிப் பொதச்சுட்டோம், போதுமா?

தினமும் பொறுக்குவதுதான் முதல் வேலை, விட்டால் மூன்றே நாளில் புழு மண்ணுக்குள் போய்விடும். புதைப்பதானால் நம் மணலில் இரண்டடிக்குக் குறையாமல் தோண்டி, மேலே மண் தள்ளி மிதித்து இறுக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்தில் மூடினால் ஈ மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கடலுக்கு அருகே கார்த்திகையில் இரண்டடியில் தண்ணீர் ஊறும். அப்போது குழி வேண்டாம். கனமான கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் பத்து நாள் போட்டு வையுங்கள். உரக்குழியில் திறந்து கொட்டுவது மட்டும் கூடவே கூடாது. நீங்களே ஈ வளர்ப்பது அது.

14. பழத்துக்கு உறை போடுறது எப்போ?

கொய்யா எலுமிச்சை அளவில் இருக்கும்போது. மா, பிஞ்சு பிடித்து எட்டு வாரம் சுற்றி. பாகல், பீர்க்குக்குப் பூ வாடி இரண்டு மூன்று நாளுக்குள், ஏனென்றால் காய் ஈ இளம்பிஞ்சையே குத்தும். செய்தித்தாள் போதும், காற்று பலமான இடத்தில் வலைத்துணிப் பை.

15. பந்தல்ல பாகல் முடிஞ்சு ரெண்டு மாசம் சும்மா கெடந்துச்சு. திரும்பப் போட்டதும் முதல் காயிலேயே புழு. எங்கிருந்து வந்துச்சு?

வேலியைப் பாருங்கள். சீமைக் கருவேல வேலியில் படரும் காட்டுக் கோவைக் கொடி காய் ஈக்கு ஆண்டு முழுவதும் சத்திரம். உங்கள் பந்தல் காலியாக இருக்கும்போது அங்கே இருந்து கொள்ளும். பாகல் விதைக்கும் முன் வேலியில் உள்ள கோவையை வேரோடு எடுத்துவிடுங்கள்.

காய் ஈ பந்தலிலேயே தங்காது. முட்டையிட மட்டும் வரும், மீதி நேரம் வரப்போர மக்காச்சோளம், ஆமணக்கு, வேலிச் செடிகளின் இலையடியில் இருக்கும். பந்தல் முழுக்கத் தெளிப்பதைவிட, லிட்டருக்குப் பத்து கிராம் வெல்லம் கரைத்து, அந்தப் பயிருக்கு அனுமதியுள்ள மருந்தை லேபிள் அளவில் சேர்த்து, வேலியோரச் செடிகளில் திட்டுத் திட்டாகத் தெளிப்பதே பலன் தரும். எந்த மருந்துக்கு எந்தப் பயிரில் அனுமதி என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

16. அண்ணே, சிறுமலையில என் மச்சான் பொறி கட்டுற தேதியிலயே நானும் கட்டுறேன். சரிதானே?

சரியில்லை. அவருக்கு 4-ஆம் பதிலின் கணக்கு, உங்களுக்கு 6-ஆம் பதிலின் கணக்கு. மலையில் பழம் தாமதமாக முற்றும், ஈயும் தாமதமாக ஏறும். நத்தம் போன்ற அடிவார மாந்தோப்புகளில் பருவம் முடிந்ததும் அங்கே பெருகிய ஈயில் ஒரு பங்கு, பழம் இருக்கும் இடம் தேடி மேலே நகரும். ஆக, அவருடைய உச்சம் உங்கள் உச்சத்துக்குப் பின்னால் வரும். அவருக்கு மார்கழி, தை ஓய்வுக் காலம். உங்களுக்கோ அது ஈ சத்தமில்லாமல் கூடும் காலம். இடைவெளியும் வேறு. கரையில் மாதம் ஒருமுறை செய்யும் வேலையை அவர் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

17. மலையில பொறி காலியாத்தான் தொங்குது. ஈ இல்லைன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈ வெப்பம் ஏறினால்தான் பறக்கும், குளிரிலும் மூடுபனியிலும் இலையடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். குளிரில் கட்டையிலிருந்து வாசனையும் குறைவாகவே கிளம்பும். பொறி சொல்வது இரண்டும் சேர்ந்த கணக்கு: எத்தனை ஈ இருக்கிறது, அதில் எத்தனை நடமாடுகிறது. நம் ஊர் அடைமழையில் பொறி காலியாவதும் இதே காரணத்தால்தான்.

சந்தேகம் வந்தால் பழத்தையே கேளுங்கள். கீழே விழுந்த பழம் இருபதைப் பொறுக்கி எடை போடுங்கள். வாளியில் நாலு விரல் உயரம் லேசாக ஈரமான மணல் பரப்பி, மேலே கம்பி வலை வைத்துப் பழத்தை அடுக்கி, வாயை வேட்டித் துணியால் கட்டுங்கள். கரையில் பத்து நாள், மலையில் மூன்று வாரம் கழித்து மணலைச் சல்லடையில் சலித்துக் கூட்டுப்புழுவை எண்ணுங்கள். கிலோவுக்கு எத்தனை என்று வரும் கணக்கு, கரைக்கும் மலைக்கும் ஒப்பிடலாம். பொறிக் கணக்கை அப்படி நேரடியாக ஒப்பிட முடியாது.

18. தெரியாம புழு இருந்த பழத்தத் தின்னுட்டேன்...

ஒன்றும் ஆகாது.

19. லாரியில வர்ற பழத்தோட ஈயும் ஊர் மாறுமா?

மாறும், ஈயின் நீண்ட பயணமே லாரியில்தான். பழத்துக்குள் முட்டையாகவோ சிறு புழுவாகவோ போகும், வெளியே ஒரு குத்துப்புள்ளி தவிர எதுவும் தெரியாது. இந்திய மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் தடுத்து நிறுத்தி 2015-ல்தான் மறுபடி அனுமதித்ததற்குப் பழ ஈயே காரணம். ஏற்றுமதிக்கு அனுப்புபவர்கள் மாங்காயை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைப்பதும் உள்ளிருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லத்தான். வீட்டில் அடுப்பில் வைத்து முயல வேண்டாம், இரண்டு டிகிரி கூடினால் பழம் வெந்துவிடும், குறைந்தால் புழு பிழைத்துவிடும்.

20. வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டே போகுது. நம்ம ஈ மலை ஏறிப்போயி இங்க குறைஞ்சுருமா?

ஏறும் என்பது வரை சரி. 3-ஆம் பதிலின் கணக்கில் சராசரியை ஒரு டிகிரி கூட்டிப் பாருங்கள். கொடைக்கானலில் 14.5 என்பது 15.5 ஆனால் அன்றாட வரவு 3.5-லிருந்து 4.5 ஆகும், 97 நாள் 76 நாளாகச் சுருங்கும். கரையில் 28 என்பது 29 ஆனால் 20 நாள் 19 ஆகும், அவ்வளவுதான். ஒரே ஒரு டிகிரி மலையில் மூன்று வாரத்தைக் குறைக்கிறது, கரையில் ஒரு நாளை.

இங்கே குறையும் என்பதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஈயை அடக்கும் 35 டிகிரியைக் கடற்காற்று வீசும் நம் தோப்பு நிழலில் நாள்கணக்காகத் தாண்டுவது எளிதல்ல. இங்கே எண்ணிக்கையை மாற்றப்போவது மழை விழும் மாதமும், கோடையில் நாம் பாய்ச்சும் தண்ணீரும், ஆடியில் மரத்தில் மிஞ்சும் பழமும்தான்.